நுவரெலியாவில் மழை நாள்: பஸ்ஸை விட்டு எத்தனை தடவை இறங்குவது?

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு கூட்டம் நுவரெலியா பார்க்க வந்தால், பொறுப்பாக வருபவரின் கையில் ஒரு துண்டுத்தாள் இருக்கும். சீதையம்மன் கோயில், ஹக்கல பூங்கா, விக்டோரியா பார்க், கிரகரி வாவி, பழைய தபாலகம், தேயிலைத் தொழிற்சாலை, அம்பேவெல பண்ணை, இறம்பொடை அனுமார், கடைசியாகக் கடைத்தெரு. ஒன்பது இடம். வெயில் நாளில் ஓட்டமும் நடையுமாக ஏழையாவது பார்த்துவிடலாம். மழை நாளில் அதே தாளோடு புறப்பட்டால் பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள், வயதானவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள், எந்த இடத்தையும் நின்று பார்த்ததாக ஒருவருக்கும் நினைவிருக்காது.

மழை நாளில் இடங்களை எண்ணக்கூடாது. இறக்கங்களை எண்ண வேண்டும். பஸ்ஸை விட்டு எத்தனை தடவை இறங்கி ஏறுகிறோம் என்பதுதான் அந்த நாளின் அளவுகோல்.

கணக்கு இதுதான். ரோசாவோ கோஸ்டரோ மாதிரி ஒரு சிறிய பஸ், 28 பேர், ஒரே ஒரு கதவு. காய்ந்த நாளில் எல்லாரும் இறங்க மூன்று நிமிடம். மழையில் ஒவ்வொருவரும் வாசற்படியில் நின்று குடையை விரிக்கிறார்கள், பின்னால் நிற்பவர் பொறுத்திருக்கிறார். ஐந்தாறு நிமிடம் போய்விடும். ஏறும்போது இன்னும் மோசம். குடையை மடக்கி, உதறி, படியில் வழுக்காமல் கால் வைத்து, நனைந்த உடுப்போடு இருக்கையிடுக்கில் நுழைய ஆளுக்கு 20 விநாடி என்றாலும் 28 பேருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல். குளிரில் கழிப்பறைக்கு அடிக்கடி போகவேண்டி வரும். மூன்று கழிப்பறை உள்ள இடத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட இருபது நிமிடம். ஆக, ஓர் இடத்தில் எதையுமே பார்க்காமல் அரை மணித்தியாலம் கழிந்துவிடுகிறது. ஏழு இடம் என்றால் மூன்றரை மணித்தியாலம் கதவடியிலும் கழிப்பறை வரிசையிலும் போகும். அதனால் மழை நாளுக்கு நாலு இறக்கம், மிஞ்சினால் ஐந்து. அதில் குறைந்தது இரண்டு கூரையுள்ள இடமாக இருக்க வேண்டும். சாப்பாடும் ஓர் இறக்கம்தான். பலர் அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

எந்த நாலு என்பதை முடிவு செய்வது மழையின் குணம். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மழைக்குப் பல முகங்கள் உண்டு. மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வருவது பின்னேர இடிமழை. காலையில் வானம் வெளுத்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் மேகம் திரளும். ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் மின்னலோடு கொட்டும். இந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு "நல்ல வெயில்தானே, முதலில் தொழிற்சாலைக்குப் போவோம், பிறகு ஆறுதலாக வாவிக்குப் போகலாம்" என்று நினைப்பதுதான் பெரிய பிழை. வெளியிடங்கள் எல்லாம் முற்பகல், கூரையுள்ள இடங்கள் எல்லாம் பிற்பகல். மதியச் சாப்பாட்டை 11.45க்கே முடித்துவிட்டால் நாளே சீராக ஓடும்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது இடி குறைவு. தூறலும் காற்றும் பனிமூட்டமும் காலையிலிருந்து இரவு வரை விடாது. பொழுது மாறட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மாற வேண்டியது இடம். இதைத் தெரிந்து வைத்திருக்கும் வெளியூர்க் கூட்டங்கள் மிகக் குறைவு: ஹக்கல தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்க இறங்க மழை விட்டுவிடும். மேற்கிலிருந்து ஏறி வரும் காற்று தன் ஈரத்தை நுவரெலியாப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்று சூடேறிக் காய்ந்துபோகிறது. ஜூன், ஜூலையில் நகரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் கெப்பட்டிப்பொலப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் வெயில் அடித்துக்கொண்டிருப்பது வழமையான காட்சி. அந்த மாதங்களில் நாளைக் கிழக்கு நோக்கித் திருப்புங்கள். சீதையம்மன் கோயில் இருக்கும் சீத்தாஎலிய, ஹக்கல, தேவையென்றால் இன்னும் கீழே.

டிசம்பர், ஜனவரியில் வடகீழ்க் காற்று. அப்போது இந்தத் தந்திரம் தலைகீழாகிவிடும்; ஊவாப் பக்கம்தான் நனையும். பெப்ரவரியும் மார்ச் முற்பகுதியும் ஆண்டிலேயே காய்ந்த காலம். அப்போது வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் துகள் உறைபனி விழும் நாட்களும் உண்டு. மழை இல்லை என்பதற்காகக் குளிருடுப்பை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம்.

இனி இடங்கள்.

சீதையம்மன் கோயில் நகரத்திலிருந்து பதுளை வீதியில் ஐந்து கிலோமீற்றரளவில், வீதியோரத்திலேயே இருக்கிறது. 2024 மே 19இல் கும்பாபிஷேகம் நடந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. மழை நாளில் இங்கே கவனிக்க வேண்டியது கால். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நனைந்த தரை பாதத்தை விறைக்க வைக்கும், வழுக்கும். காலுறையோடு உள்ளே போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். நனைந்த காலுறை வெறுங்காலைவிட மோசம்: வழுக்குவதும் கூடும், பிறகு அதை நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். காலுறையைப் பஸ்ஸிலேயே கழற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது கதவடியில் ஒருவர் பழைய துவாயோடு நின்று ஒவ்வொருவரும் காலைத் துடைத்துவிட்டு ஏறும்படி செய்தால், மிச்ச நாள் முழுவதற்கும் அது போதும். கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில், அனுமாரின் பாதச்சுவடு என்று சொல்லப்படும் பாறைக்குழிகள் இருக்கின்றன. எல்லாருக்கும் அங்கே இறங்கிப் படம் எடுக்க ஆசை. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக ஓடினால் ஒருவரையும் இறக்கவேண்டாம். மேலே மலையில் பெய்த மழை கீழே வந்து சேரச் சற்று நேரமாகும். கோயிலடியில் மழை விட்டிருந்தாலும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். பாசி பிடித்த பாறை காய்ந்திருக்கும்போதே வழுக்கும்.

ஹக்கல பூங்கா இன்னும் சில கிலோமீற்றர் தள்ளி, அதே வீதியில். 1861இல் கொய்னா தரும் சின்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம் இது. பேராதனையைப் போல இதுவும் ஒரு தாவரவியல் பூங்கா. தூறலுக்கு இது நல்ல இடம், கொட்டும் மழைக்குக் கூடாத இடம். பன்னத் தாவரங்களும் பாசியும் ஈரத்தில்தான் உயிரோடு தெரியும். ரோஜாத் தோட்டமோ மழை அடித்த மறுநாள் இதழ் உதிர்ந்து கிடக்கும். பாதை ஏற்ற இறக்கமானது, படிகள் உண்டு. கூட்டத்தில் முழங்கால் நோவுள்ளவர்கள் இருந்தால் வாசலுக்கு அருகிலுள்ள பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு சிறு குழுவும், மேலே ஏறும் ஒரு குழுவும் என்று முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். நனைந்து பாரமேறிய பழைய மரக்கிளை எப்போது முறியும் என்று யாராலும் சொல்லமுடியாது.

நகரத்துக்குள் தபாலகம், விக்டோரியா பார்க், கடைத்தெரு மூன்றையும் ஒரே இறக்கமாகச் செய்யலாம். மழை நாளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பஸ்ஸை ஓரிடத்தில் விட்டுவிட்டு, எல்லாரும் ஒரு தடவை இறங்கி, நடந்தே மூன்றையும் முடித்துவிட்டு ஏறுவது. 1894இல் கட்டிய செங்கல் தபாலகம் இன்றும் வேலை செய்யும் தபாலகம்தான். தபாலட்டை வாங்கி, எழுதி, முத்திரை ஒட்டிப் பெட்டியில் போடலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மழைநேர வேலை கிடைக்காது. ஆனால் உள்ளே இடம் கொஞ்சம். அங்கே வேலையாக வரும் ஊர்ச்சனத்தை மறித்துக்கொண்டு 28 பேர் நனைந்த குடையோடு நிற்கக்கூடாது. எட்டுப் பேர் உள்ளே, மற்றவர்கள் பார்க்கில் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். பேனையையும் வீட்டு முகவரியையும் முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், முத்திரையை நனைந்த விரலால் தொடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். பின்பக்கப் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

விக்டோரியா பார்க் 1897இல் விக்டோரியா ராணியின் அறுபதாவது ஆட்சியாண்டு நினைவாகப் பெயர் பெற்றது. பூப்பாத்திகளுக்காக வருகிறவர்கள் மழையில் ஏமாந்து போவார்கள். பறவைக்காக வருகிறவர்கள் ஏமாறமாட்டார்கள். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை ஆறுமணிக்குருவி வந்து தங்கும். காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பான் ஒன்றும் வரும். ஈரமான இலைக்குப்பையைக் கிளறி இரை தேடும் ஆறுமணிக்குருவியைச் சத்தமில்லாமல் நிற்கும் ஐந்து பேர் பார்க்கலாம், 28 பேர் பார்க்கமுடியாது. ஆர்வமுள்ளவர்களை மட்டும் ஓடையோரத்துக்குத் தனியே அனுப்புங்கள்.

கிரகரி வாவி 1873இல், பீதுருதாலகால மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, அப்போதைய ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைத்தது. மழை நாளில் கூட்டங்கள் நேரத்தைத் தொலைக்கும் முதலிடம் இதுதான். திறந்த வெளி, ஒதுங்க இடம் குறைவு, காற்று குடையைத் திருப்பிப்போடும். படகு ஓடுமா ஓடாதா என்று பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் நிற்பார்கள். காற்றில் நீர் சுருண்டெழுந்தாலோ இடி கேட்டாலோ படகை மறந்துவிடுங்கள். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். முப்பதுக்குள் கேட்டால் உடனே பஸ்ஸுக்குள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை வெளியே வரவேண்டாம். மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல; தகரக்கூடான பஸ் அதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. வாவியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கரையோர வீதியால் பஸ்ஸை மெதுவாக ஓட்டச் சொல்லி ஜன்னலால் காட்டிவிடலாம். இறக்கம் ஒன்று மிச்சம்.

மூட்டத்தில் போய்ப் பயனில்லாத இடங்களைத் துணிந்து வெட்டுங்கள்: சந்ததென்ன, சிங்கிள் ட்ரீ மலை, லவர்ஸ் லீப் அருவியின் அடிவாரம். முதல் இரண்டிலும் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. மூன்றாவதன் பாதை வழுக்கும். அம்பேவெல நல்ல இடம்தான், ஆனால் அது திறந்த புல்வெளி, காற்று ஊசியாகக் குத்தும். மழை நாளில் அதற்குப் போய்வரும் நேரம் முழு நாளையும் தின்றுவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைதான் மழை நாளின் உயிர். தோட்டத்து ஆட்கள் அதை ஸ்டோர் என்பார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம் பீட்ரு தோட்டம், இறம்பொடை வீதியில் லபுக்கலை, இரண்டிலும் பார்வையாளரை உள்ளே விடுகிறார்கள். கூரை உண்டு, கழிப்பறை உண்டு, சூடாக ஒரு கோப்பை தேநீர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை நாளில்தான் அங்கே பார்க்க விஷயமே இருக்கிறது. வெயிலில் பறித்த கொழுந்தை வாட்டுவது எளிது. மழையில் பறித்த கொழுந்து இலைக்கு மேலேயும் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். மாடியில் நீண்ட தொட்டிகள் இருக்கும், அடியில் கம்பிவலை, ஒரு முனையில் பெரிய விசிறி. வழமையாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலத்தில் முடியும் வாட்டம் இந்த நாட்களில் நீளும். வெறுங்காற்றுப் போதாமல் சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் இலை உள்ளே வாடாமல் மேலே மட்டும் காய்ந்து, உருட்டும்போது முறிந்துபோகும். சூடு போதாவிட்டால் ஈர இலை உருளைக்குள் கூழாகும். தொட்டியோரத்தில் நிற்கும் ஆள் ஒரு கைப்பிடிக் கொழுந்தை அள்ளி உருண்டையாக அமுக்கிக் கையை விரித்துப் பார்ப்பார். வாட்டம் சரியென்றால் உருண்டை பட்டென்று உதிராது, ஆறுதலாக அவிழும். காம்பை மடித்தால் முறியாமல் வளையும். அந்த மணமும் சொல்லிக்கொடுக்கும். பச்சைப் புல் வாசம் போய்ப் பழ வாசம் வந்திருக்கும். உங்கள் கூட்டத்திடம் அந்த ஒரு கைப்பிடியைக் கொடுக்கும்படி கேளுங்கள். எந்த விளக்கத்தைவிடவும் அது மனதில் நிற்கும்.

தொழிற்சாலைக்குப் போகுமுன் இரண்டு காரியம். ஒன்று, கிழமை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கொழுந்து பறிப்பதில்லை. பறித்த இலை ஓர் இரவு வாடிய பிறகுதான் உருளைக்குப் போகும். ஆகவே திங்கட்கிழமை காலை போனால் இயந்திரங்கள் சும்மா நிற்க வாய்ப்பு அதிகம். தைப்பொங்கல், தீபாவளி, போயா நாட்களுக்கு மறுநாளும் அப்படித்தான். முதல்நாள் தொலைபேசியில் "நாளைக்கு மெஷின் ஓடுமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. இரண்டு, 28 பேரை ஒரே தடவையில் உள்ளே அனுப்பவேண்டாம். உருளைகளின் சத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு ஒரு சொல்லும் கேட்காது. பதினான்கு பதினான்காகப் பிரித்து, ஒரு பாதி உள்ளே இருக்கும்போது மறு பாதி தேநீர் குடிக்கட்டும். குடையும் மழைக்கோட்டும் வெளியிலேயே இருக்கட்டும். அது உணவு தயாரிக்கும் இடம், தரையில் தண்ணீர் சொட்டக்கூடாது. உலர்த்தும் அடுப்புக்கு அருகே வந்ததும் நடுங்கியவர்கள் எல்லாம் நகரமறுப்பார்கள். விடுங்கள், ஐந்து நிமிடம் நிற்கட்டும். கைபேசிக் கமெராவின் கண்ணாடி குளிரிலிருந்து சூட்டுக்கு வந்ததும் மூட்டமடையும். துடைத்துப் பயனில்லை, சூடேறத் தானாகத் தெளியும்.

வெளியே சரிவில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையிலும் கொழுந்து பறிக்கும் அக்காமாரையும் அம்மாமாரையும் காண்பீர்கள். பஸ்ஸை நிறுத்தி, "அக்கா, கொஞ்சம் இங்கே திரும்புங்கோ" என்று கூப்பிட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தை மழை நாளிலாவது விடவேண்டும். அவர்களுக்கு அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோ ஒன்று இருக்கிறது. வழுக்கும் மண்ணில் கூடையைச் சுமந்து நிற்கும் அந்த நிமிடம் அவர்களுடைய நேரம். வணக்கம் சொல்லிக் கேட்டு, அவர்கள் சரி என்றால் எடுங்கள். நமது மொழியே பேசுகிறவர்கள், கேட்பதற்கு ஒரு தடையும் இல்லை.

சாப்பாடு. நமது கூட்டங்கள் பானை, அரிசி, காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து வழியில் சமைப்பது வழக்கம். நுவரெலியாவில் அதுவும் மழையில் இது பிசகும், காரணம் உயரம். கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றர் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது. இங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதித்தாலும் அரிசி வேக நேரமெடுக்கும், பருப்பு கல்லாகவே கிடக்கும். ஊரில் 25 நிமிடத்தில் வேகும் சோற்றை நம்பி நேரம் போட்டவர்கள் ஒன்றரை மணிக்குப் பாதி வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், பெரிய அடுப்பில் சுவாலை சோர்ந்துபோகும். சமைத்தே ஆகவேண்டும் என்றால் அரிசியை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள், பருப்புக்குப் பிரஷர் குக்கர் கொண்டுவாருங்கள், கூரையுள்ள மண்டபம் ஒன்றை முதலிலேயே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் நகரத்துச் சைவக்கடை ஒன்றில் முதல்நாளே தலைக்கணக்குச் சொல்லிவிட்டு, அன்று பத்தரைக்கு மறுபடியும் அழைத்து நேரத்தை உறுதி செய்வதுதான் சுலபம். பார்சலை பஸ்ஸுக்குள் சாப்பிடவேண்டாம். அடைத்த ஜன்னலுக்குள் குழம்பு வாசம், பிறகு வளைவு வளைவாக இறக்கம், விளைவு தெரிந்ததுதான்.

வாந்தி வருபவர்களை முன்வரிசைகளில் இருத்துங்கள், இறம்பொடை வளைவுகளில் கைபேசி பார்க்க விடவேண்டாம். மாத்திரை எடுப்பவர்கள் பஸ் புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு எடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஆளுக்கொரு சொப்பிங் பேக் இருக்கையின் முன்பையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களின் இன்ஹேலர் பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் பூட்டிக் கிடக்கக்கூடாது, சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி ஒன்றுதான் அழுத்திச் சொல்லவேண்டும்: குடையைவிட மழைக்கோட்டு மேல், இரண்டையும்விடக் காய்ந்த காலுறை மேல். ஆளுக்கு மேலதிகமாக இரண்டு சோடி. நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால் ஈரத்தைப் பாதியாவது உறிஞ்சிவிடும். ஆகவே ஒரு கட்டுப் பழைய பத்திரிகை. பஸ் வாசற்படியில் ஒரு சாக்கு, கதவுக்குப் பின்னால் குடைகளை நிறுத்திவைக்க ஒரு வாளி. ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்களுக்கு நகரத்துக் குளிருடுப்புக் கடைகள் இருக்கின்றன. நனைந்த சட்டைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டினால் அதுவும் நனையும், முதலில் உள்ளே காய்ந்த சட்டை. இரவிரவாகப் பயணம் செய்து காலையில் வந்து அன்றே திரும்பும் கூட்டங்கள்தான் அதிகம் அல்லற்படுவது, உடுப்பு மாற்ற இடமில்லாததால். அரை நாளுக்கு இரண்டு அறை எடுத்துவிடுங்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தலைக்குப் பிரித்தால் சிறிய தொகைதான். சாரதிக்கும் படுக்க ஒரு கட்டில் கிடைக்கும். இரவு முழுவதும் ஓட்டிய சாரதி அண்ணையை நித்திரையில்லாமல் மழையில் மலை இறக்கச் சொல்வது 28 உயிரோடு விளையாடுவது.

பஸ்ஸுக்குள் 28 பேரின் மூச்சும் ஈர உடுப்பும் சேர்ந்து முன்கண்ணாடியை ஐந்து நிமிடத்தில் மறைத்துவிடும். குளிராக இருந்தாலும் ஏசியைக் கொஞ்சம் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பவேண்டும், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஏசி இல்லாத பஸ்ஸில் முன்னால் ஒன்று, எதிர்ப்பக்கம் பின்னால் ஒன்று என்று இரண்டு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். மூட்டத்தில் ஹெட்லைட் தாழ்ந்த நிலையில். உயர்த்தினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். ஓடும்போது நாலு பக்கமும் மின்னும் ஹசார்ட் விளக்கைப் போடவேண்டாம், பின்னால் வருபவருக்கு நாம் திரும்பப்போகும் பக்கம் தெரியாமல் போகும். ஏறும்போது போட்ட அதே தாழ்ந்த கியரிலேயே இறக்கத்திலும் இறங்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் விட்டு விட்டு மிதிப்பது என்பது மலைநாட்டுச் சாரதிகளுக்குப் பழக்கம். சமவெளியிலிருந்து வரும் சாரதிக்கு அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். நானுஓயாவிலிருந்து ரதல்ல வழியாக இறங்கும் குறுக்கு வீதியைக் கைபேசி வரைபடம் கிட்டிய வழி என்று காட்டலாம். அந்தச் செங்குத்து இறக்கத்தில் 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். கூட்டத்தை ஏற்றிய பஸ் அந்த வழியால் போகவே கூடாது.

கிளம்பும் நாளில் காலையிலும் மதியத்திலும் இரண்டு அறிவிப்பைப் பாருங்கள்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை முன்னறிவிப்பு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அங்கே பின்பற்றும் படிநிலை. நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் இரண்டாம் நிலைக்குள் வந்துவிட்டால் பயணத்தை நிறுத்துங்கள், காசு போனாலும் பரவாயில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்துப்போட்டதையும் இங்குள்ளவர்கள் யாரும் மறக்கவில்லை. வீதியில் புதிய வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், சரிவிலிருந்து திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊறுவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நிற்பது, இதில் எதைக் கண்டாலும் நின்று பார்க்காமல் வந்த வழியே திரும்பி 117க்கு அழையுங்கள். அவசர நோயாளிக்கு 1990.

திரும்பும் நேரம் பின்னேரம் மூன்றரை, அதற்குமேல் பிந்தவேண்டாம். கண்டிக்கு 75 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மழையில் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். இறம்பொடை இறக்கத்தை வெளிச்சத்தில் தாண்டிவிட வேண்டும். அனுமார் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அதைக் காலையில் ஏறி வரும்போதே முடித்திருக்க வேண்டும். இறங்கும்போது நிறுத்தினால் புசல்லாவ வருமுன் இருட்டிவிடும். பஸ் புறப்படுமுன் தலைகளை எண்ணுங்கள், இருவர் தனித்தனியே எண்ணி ஒத்துப் பாருங்கள். மூட்டத்தில் கழிப்பறைக்குப் போன ஒருவரைத் தவறவிட்டுவிட்டு லபுக்கலையில் நினைவு வந்தால், திரும்பிப் போகும் நேரம் முழுவதும் இருட்டில் கழியும்.

கம்பளை வந்ததும் வெக்கை தெரியத் தொடங்கும். அங்கே ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். நனைந்த மழைக்கோட்டுகளை மடித்துப் பையில் அடைக்க விடவேண்டாம். பின்வரிசைக் கம்பியில் தொங்கவிட்டால் வீடு போய்ச் சேருமுன் பாதி காய்ந்துவிடும். அடைத்தால் மறுநாள் பூஞ்சண வாடை பிடித்து, அடுத்த பயணத்துக்கு ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள்.